குட்டையாக நின்ற தக்காளி நாற்று: கடலூர் நாற்றங்கால் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணையாறு கடலில் சேரும் பகுதிக்குப் பக்கத்தில், நிழல்வலைக் குடில் போட்டுக் குழித்தட்டுகளில் காய்கறி நாற்று வளர்த்து விற்கும் ஒருவர் ஐப்பசிக் கடைசியில் என்னை அழைத்தார். தக்காளி நாற்று முப்பது நாளாகியும் நாலு விரல் உயரத்தைத் தாண்டவில்லை. முன்பணம் கொடுத்த உழவர்கள் பார் பிடித்து வைத்துக்கொண்டு நாற்றுக்குக் காத்திருக்கிறார்கள். "விதையே மோசம் சார். நீங்க வந்து பார்த்து ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்தீங்கன்னா விதைக்காரங்ககிட்ட பேசிக்குவேன்" என்றார். பார்த்த பிறகுதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் போனேன். ஊர்ப்பெயரையும் ஆள் பெயரையும் அவர் கேட்டுக்கொண்டபடி விட்டிருக்கிறேன்.

குடிலில் தக்காளித் தட்டுகள் மட்டும் நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாம் 98 குழித் தட்டுகள், தென்னைநார்க் கழிவு நிரப்பியவை. இந்தப் பருவத்தில் இருபத்தைந்து நாள் தக்காளி நாற்று 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கவேண்டும். இங்கே ஏழு சென்டிமீட்டரைத் தொட்டவை மிகச் சில. ஆனால் இலை எண்ணிக்கையில் அவ்வளவு குறை இல்லை. பெரும்பாலான நாற்றுகளில், விதையிலைக்குப் பிறகு வரும் உண்மையிலைகள் நான்கு வந்திருந்தன. ஆக, செடி புதிய இலை விடுவதை நிறுத்திவிடவில்லை. விட்ட இலையைப் பெரிதாக்காமலும் கணுவிடையை நீட்டாமலும் நின்றிருந்தது. இந்த ஒரு குறிப்பே என்னை முதலில் யோசிக்க வைத்தது, ஏனென்றால் பட்டினி கிடக்கும் நாற்று பெரும்பாலும் இலை எண்ணிக்கையிலேயே பின்தங்கிவிடும்.

பசி என்ற எண்ணம் அவருக்கும் வந்திருந்தது. நீரில் கரையும் 19:19:19 உரத்தை இரண்டு முறை கூடுதலாக ஊற்றியிருந்தார், பலன் இல்லை. மணிச்சத்துக் குறைவாக இருந்தால் இலையின் அடிப்புறத்தில் ஊதா நிறம் ஏறியிருக்கும், அது இல்லை. கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது, ஆனால் இலை ஓரம் கருகவில்லை, அதே தண்ணீர் குடிக்கும் கத்தரித் தட்டுகள் பக்கத்திலேயே செழிப்பாக நின்றன. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி நோய் என்றால் இலை மேல்நோக்கிச் சுருண்டு நரம்போரம் மஞ்சளித்திருக்கும், அதுவும் இல்லை. குழியிலிருந்து நாற்றை உருவிப் பார்த்தபோது வேர் வெண்மையாகவே இருந்தது, அழுகல் இல்லை. ஆனால் தென்னைநாரை முழுதாகப் பின்னிக்கொண்டு கட்டியாக வரவேண்டிய வேர், மேல் பாதியிலேயே குட்டையாக நின்றுவிட்டதால், கீழ்ப்பாதி நார் உதிர்ந்து கையில் கொட்டியது.

விதை மேல் இருந்த பழி வேறு வழியில் தீர்ந்தது. அதே பாக்கெட்டிலிருந்து ஒரு பிடி விதையை அவர் பாகூரில் இருக்கும் தன் மச்சானுக்குக் கொடுத்திருந்தார். தொலைபேசியில் படம் அனுப்பச் சொன்னோம். வீட்டுப் பின்புறத் தொட்டியில் அந்த நாற்றுகள் ஒரு சாணை நெருங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் தெளிப்பைப் பற்றிக் கேட்டேன். மழைக்காலம் என்பதால் நாற்றழுகலுக்குப் பயந்திருக்கிறார். போன தையில் உளுந்துக்கு வாங்கிய சாலிசிலிக் அமிலப் பொடி மீதம் இருந்திருக்கிறது. அது செடிக்கு எதிர்ப்புச் சக்தி தரும் என்று எங்கோ கேள்விப்பட்டதால், முளைத்த பத்தாம் நாளிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை தக்காளிக்கு மட்டும் அடித்து வந்திருக்கிறார். அளவு? பத்து லிட்டர் கைத்தெளிப்பானுக்கு ஒரு கரண்டி, குவித்து. அந்தக் கரண்டியால் எடுத்துக் காட்டச் சொல்லி மின்தராசில் வைத்தேன். ஐந்து கிராம் காட்டியது. பயறு வகைகளுக்கு நம் பக்கத்தில் பரிந்துரைக்கப்படுவது லிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது பத்து லிட்டருக்கு ஒரு கிராம். அதுவும் பூக்கும் முன் ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை, அவ்வளவுதான். இவர் ஐந்து மடங்கு அளவை ஏழு தடவை, அதுவும் கைக்குழந்தை போன்ற நாற்றுக்குக் கொடுத்திருந்தார். குளிர்ந்த தண்ணீரில் இந்தப் பொடி லேசில் கரையாது என்பதால் சில இலைகளில் கடுகளவுக்கும் சிறிய வெளிறிய புள்ளிகள் இருந்தன. கரையாத துகள் விழுந்து சுட்ட இடங்கள் அவை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். குடிலில் பூவாளி ஊற்றும் அம்மா ஒருவர், அதுவரை பேசாமல் நின்றவர், "வழியோரத் தட்டுதான் சார் இன்னும் குட்டை, பார்த்தீங்களா?" என்றார். பார்த்தேன். நடைபாதையை ஒட்டிய ஒரு வரிசைத் தட்டுகளில் நாற்று மற்றவற்றைவிட இன்னும் ஒரு விரல் குறைவு. தெளிப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். ஆனால் இந்த வரிசை நாற்றின் தண்டு தடித்திருந்தது, இலை கரும்பச்சையாக இருந்தது. தண்டை இரண்டு விரலால் உருட்டினால் அதன் மேலுள்ள நுண்முடியான சுணை நன்றாகவே உறுத்தியது, விரல் நுனியில் மஞ்சள் கறையும் தக்காளிச் செடிக்கே உரிய அந்த நெடியும் ஒட்டிக்கொண்டன. உள்வரிசை நாற்றை உருட்டியபோது அந்த உறுத்தல் வெகுவாகக் குறைவு. சுணையை எண்ணிப் பார்க்க என்னிடம் கருவி இல்லை; விரலுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

வழியோர வரிசையில் என்ன வேறுபாடு என்று தேட வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாவே தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு நடந்தபோது அவருடைய சேலைத் தலைப்பும் குழாயும் நாற்றுகளின் தலையைத் தடவிக்கொண்டே போயின. ஒரு நாளைக்கு அப்படி இருபது தடவையாவது நடக்கும்.

ஆக, ஒரே குடிலில் இரண்டு குட்டைத்தனம். ஒன்று கரண்டியால் வந்தது, மற்றது சேலைத் தலைப்பால் வந்தது. இரண்டுமே நாற்றின் தற்காப்பு ஹார்மோன்கள் வழியாக வந்தவை என்பதும், வழி வெவ்வேறு என்பதும் என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே விரிவாகவே சொல்கிறேன்.

கரண்டியின் வழி

சாலிசிலிக் அமிலம் நாம் தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரினுக்கு மிக நெருங்கிய உறவு. 1979-இல் ரேமண்ட் வைட் என்ற ஆய்வாளர் புகையிலை இலையில் ஆஸ்பிரினைச் செலுத்திப் பார்த்தபோது, அந்த இலை தேமல் நச்சுயிரியை எதிர்த்து நின்றது. இந்த அமிலத்தைச் செடியே நோய் தாக்கும்போது சுரந்துகொள்கிறது, அதுவே எதிர்ப்பைத் தூண்டும் சைகை என்பது 1990-இல் தெளிவானது. நம் கதைக்கு முக்கியமானது 2007-இல் வந்த ஆய்வு: இந்த அமிலம் கூடும்போது, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை உணரும் ஏற்பிகள் குறைகின்றன, ஆக்சின் வேலை செய்யவிடாமல் தடுக்கும் புரதங்கள் சிதையாமல் நிலைத்துவிடுகின்றன. ஆக்சின் செல்லில் இருந்தாலும் அதன் பேச்சு எடுபடாது. செல் நீள்வதற்கும் வேர் கிளைப்பதற்கும் ஆக்சின் தேவை என்பதால், கணுவிடை நீளாமல் நின்றதை இது விளக்குகிறது. வேரைப் பொறுத்தவரை இன்னொரு வழியும் உண்டு. ஆக்சினைச் செல்லிலிருந்து செல்லுக்குக் கடத்தும் புரதங்களைச் சீராக வைத்திருக்கும் நொதி ஒன்றை இந்த அமிலம் நேரடியாகவே பிடித்துக்கொள்கிறது என்றும், அதனால் வேர் வளர்ச்சி குன்றுகிறது என்றும் 2020-இல் காட்டினார்கள். உருவியபோது கையில் கொட்டிய நாரை நினைத்துக்கொள்ளலாம்.

அளவு இங்கே எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. மிகக் குறைந்த செறிவில் சாலிசிலிக் அமிலம் வளர்ச்சிக்கு உதவவும் செய்கிறது. செறிவு கூடினால் அதே பொருள் வளர்ச்சியை அடக்குகிறது. உளுந்துக்கு இரண்டு தடவை அடிப்பவர்கள் பலன் கண்டதில் பொய் இல்லை. அதை வைத்து, நல்லது கூடக் கூட நல்லது என்று நம் ஆட்கள் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். உரத்திலும் இதே கணக்குத்தான்.

ஒரு மறுப்பையும் சொல்லியாகவேண்டும். ஐந்து மடங்கு செறிவில் அந்தக் கரைசல் புளித்த அமிலமாகவே இருந்திருக்கும், ஆகவே குட்டைத்தனத்தில் ஒரு பங்கு வெறும் அமிலச் சூடாக இருக்கலாம். ஆனால் சூட்டுப் புள்ளி விழுந்தவை சில இலைகள்தான். புள்ளியே இல்லாத நாற்றுகளும் அதே உயரத்தில் நின்றன, தெளிப்பு படாத வேரும் குட்டையாகவே இருந்தது.

சேலைத் தலைப்பின் வழி

செடியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அது குட்டையாகித் தடிக்கும் என்பதை 1973-இல் மார்க் ஜாஃபி என்பவர் முறையாக ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார். காற்றடிக்கும் கடலோரத்தில் மரங்கள் குறுகித் தடித்து நிற்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. தொடுதலை வடிவமாக மாற்றுவது எது என்ற கேள்விக்கு 2012-இல் விடை வந்தது: ஜாஸ்மோனேட். இந்த ஹார்மோனைச் சுரக்க முடியாத அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு கடுகினச் செடி) செடிகளை எவ்வளவு தடவினாலும் அவை குட்டையாகவில்லை.

பெயரிலேயே மல்லிகை இருக்கிறது. நம் ஊரில் ஜாதிமல்லி, பிச்சி என்று கட்டி விற்கும் பூவின் நறுமண எண்ணெயிலிருந்துதான் 1962-இல் மெத்தில் ஜாஸ்மோனேட் பிரித்தெடுக்கப்பட்டது. ஜாஸ்மோனிக் அமிலத்தையோ 1971-இல் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தார்கள். அப்போது அதற்குச் சூட்டிய அடைமொழி 'வளர்ச்சித் தடுப்பான்'. புழு கடித்தால் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கச் சொல்லும் சைகை அதுதான் என்பது பின்னால் வந்தது. தக்காளி இலையில் மெத்தில் ஜாஸ்மோனேட்டின் ஆவி பட்டாலே அந்தப் புரதங்கள் சுரப்பதை 1990-இல் ஃபார்மரும் ரையனும் காட்டினார்கள். வளர்ச்சியைத் தடுப்பது இந்தப் பொருளின் பக்க விளைவாகப் பிறகு தெரியவந்ததல்ல, முதலில் தெரிந்த குணமே அதுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

சுணையும் இதோடு சேர்ந்தது. தக்காளியில் ஜாஸ்மோனேட் கூடினால் சுரப்புச் சுணைகள் கூடும். விரலில் மஞ்சள் கறையையும் நெடியையும் ஒட்டவைப்பவை அவை. வழியோர வரிசையில் உறுத்தலும் கறையும் அதிகம், உள்வரிசையில் குறைவு என்பது, இரண்டு குட்டைத்தனத்துக்கும் காரணம் ஒன்றல்ல என்று நான் எண்ண முதல் தடயம். சாலிசிலிக் அமிலமும் ஜாஸ்மோனேட்டும் பல இடங்களில் ஒன்றையொன்று அடக்கும் பகையாளிகள் என்பதால், வழியோர நாற்றில் இரண்டும் சேர்ந்து என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம்.

செல்லுக்குள் நடப்பதை இரண்டு கட்டமாகப் பார்க்கலாம். இலை முதலில் செல்களைப் பெருக்குகிறது, பிறகு பெருகிய செல்களை ஊதவைக்கிறது. ஜாஸ்மோனேட் முதல் கட்டத்தைப் பிடிக்கிறது. அரபிடாப்சிஸ் இலைகளைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்திய ஆய்வொன்றில் (2008), இலை சிறுத்ததற்குக் காரணம் செல்பிரிதல் குறைந்ததுதான் என்று கண்டார்கள். இதைப் பார்க்க வீட்டில் ஒரு சிறு முயற்சி செய்தேன். வழியோர நாற்றின் இலையிலும் பாகூர்த் தொட்டி நாற்றின் இலையிலும் நிறமில்லா நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்து, பள்ளிக்கூட நுண்நோக்கியில் வைத்தேன். இலை பாதியளவே இருந்தும், மேல்தோல் செல்களின் அளவில் கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு அவ்வளவு இல்லை. அந்த வளைந்து நெளிந்த புதிர்த்துண்டு வடிவங்கள் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே பருமன். சிறிய இலையில் செல்கள் குறைவாக இருந்திருக்கவேண்டும் என்பதற்கு இது ஒத்துப்போகிறது. இரண்டே இலையை வைத்து அதற்கு மேல் சொல்வது தகாது.

இரண்டாம் கட்டமும் ஜாஸ்மோனேட்டின் கைக்குத் தப்பவில்லை. ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் செடியை நீட்டுவது, டெல்லா என்ற தடைப் புரதங்களை அழிப்பதன் மூலம். அமைதிக் காலத்தில் டெல்லாக்களை ஜாஸ் என்ற வேறொரு வகைப் புரதங்கள் கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. ஜாஸ்மோனேட் வந்ததும் ஜாஸ் புரதங்கள் சிதைக்கப்படுகின்றன. அவிழ்த்துவிட்ட டெல்லா, நீட்சியைத் தூண்டும் புரதங்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூட்டைத் திறக்க வந்த சாவியே இன்னொரு கதவைப் பூட்டுகிறது என்று சொல்லலாம்: தற்காப்பு மரபணுக்களை விடுவிக்கும் அதே செயலில் வளர்ச்சி அடைபடுகிறது. ஜாஸ்மோனேட்டை உணரமுடியாத நெற்பயிர் வழக்கத்தைவிட உயர்ந்து வளர்ந்ததை 2012-இல் பதிவு செய்தார்கள்.

பஞ்சமா, கட்டளையா

நாற்றங்கால்காரர் கேட்ட கேள்வி நேரானது: "சண்டைக்குச் செலவு பண்ணிட்டதால வளர்றதுக்கு இல்லாமப் போச்சா சார்?" பாடப்புத்தகங்களும் நெடுநாள் இப்படித்தான் சொல்லிவந்தன. இருப்பு ஒன்று, செலவு இரண்டு, ஆகவே ஒன்றில் கூடினால் மற்றதில் குறையும். இது உண்மையானால் கூடுதல் உரம் ஊற்றியது சரியான வைத்தியம்.

2016-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கிரெக் ஹோவ் குழுவினர் அரபிடாப்சிஸில் ஐந்து ஜாஸ் மரபணுக்களைச் செயலிழக்கச் செய்தார்கள். எதிர்பார்த்தபடி செடி புழுவை நன்றாக எதிர்த்தது, குட்டையாகவும் ஆனது. அதே செடியில் வெளிச்சத்தை உணரும் ஃபைட்டோகுரோம் பி என்ற ஏற்பியையும் எடுத்தபோது, எதிர்ப்பு குறையாமலே வளர்ச்சி திரும்பிவிட்டது. கையில் காசில்லாமல் நின்றிருந்தால் அந்தச் செடி அப்படி வளர்ந்திருக்க முடியாது. குட்டைத்தனத்தின் பெரும்பங்கு ஹார்மோன்கள் இட்ட கட்டளையால் வருகிறது என்று இதிலிருந்து கொள்ளலாம். முற்றிலும் அப்படியென்றும் சொல்லிவிட முடியாது. அதே குழு 2018-இல் பத்து ஜாஸ் மரபணுக்களை எடுத்தபோது செடி உண்மையிலேயே பட்டினி கிடந்தது, விதைப் பிடிப்பும் குறைந்தது. அடிமட்டம் வரை போனால் இருப்பும் தீர்கிறது.

நம் நாற்று அந்த அடிமட்டத்தில் இல்லை என்பதே என் கணிப்பு. உரம் ஊற்றியும் அசையாத நாற்று, உரத்துக்காக நிற்கவில்லை.

இயற்கையில் இந்தக் கட்டளை வந்து போகக்கூடியது. நெல்லில் ஐபிஏ1 என்ற புரதம் சாதாரண நாளில் விளைச்சலுக்கு வேலை செய்கிறது. குலைநோய்ப் பூஞ்சை தாக்கியதும் அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ள, எதிர்ப்பு மரபணுக்களைத் தூண்டப் போய்விடுகிறது. 48 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி வளர்ச்சியைப் பார்க்கிறது. 2018-இல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. தக்காளிக்கும் இதே கணக்கு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளைக்கு ஒருமுறை வந்து விழும் கரண்டி, எந்தக் கட்டளையையும் திரும்பப்பெற இடம் கொடுத்திருக்காது.

எதிரிகளுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். நெல்லில் சில நாற்றுகள் மட்டும் நெடுநெடுவென வளர்ந்து வெளிறிச் சாகும் நோயை ஜப்பானியர் 'முட்டாள் நாற்று' என்று அழைத்தார்கள். அதை உண்டாக்கும் பூஞ்சையை வளர்த்து வடிகட்டிய நீரிலேயே நீளவைக்கும் பொருள் இருப்பதை 1926-இல் குரோசாவா காட்டினார், அதுதான் ஜிப்ரெலின். இலைகளைச் சிறுக்கவைத்துச் செடியைத் துடைப்பம் போலாக்கும் பைட்டோபிளாஸ்மா நுண்ணுயிரிகளில் ஒன்றோ, தன் புரதத்தால் செடியின் ஜாஸ்மோனேட் உற்பத்தியைக் குறைத்து, தன்னைச் சுமக்கும் தத்துப்பூச்சிக்கு வசதி செய்துகொடுக்கிறது. நம் கத்தரியில் வரும் சிற்றிலை நோயும் பைட்டோபிளாஸ்மா வகைதான்.

செய்தது

தட்டுகளை மூன்றாகப் பிரித்தோம். உள்வரிசைத் தட்டுகளுக்குத் தெளிப்பை அடியோடு நிறுத்தினோம். வழியோர வரிசையில் பாதியைக் குடிலின் நடுவுக்கு மாற்றி, அதற்கும் தெளிப்பை நிறுத்தினோம். மீதிப் பாதி வழியோரத்திலேயே இருக்க, அதற்கும் தெளிப்பு இல்லை, ஆனால் சேலைத் தலைப்பு தொடர்ந்தது. எல்லாத் தட்டிலும் ஒருமுறை வெறும் தண்ணீரை நன்றாக ஊற்றி வடியவிட்டு, கூடுதல் உரத்தையும் நிறுத்தினோம். பழையபடி தெளிப்பைத் தொடரும் தட்டு ஒன்றும் இருந்திருந்தால் ஆய்வு முழுமையாகியிருக்கும். விற்பனைக்குரிய நாற்றில் அதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கிடையே ஜிப்ரெலின் அடித்தால் ஒரே வாரத்தில் நீட்டிவிடலாம் என்று ஒரு மருந்துக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். நீண்டிருக்கும், அதில் ஐயமில்லை. வேர் பாதிக்குழியில் நிற்கும்போது தண்டை மட்டும் இழுத்துவிட்டால் நட்ட மறுநாளே சாயும் என்று தடுத்துவிட்டேன்.

எட்டாம் நாள் வரை ஒன்றும் தெரியவில்லை, அவரும் என்னை நம்பாமல்தான் இருந்தார். பத்தாம் நாள் வாக்கில் உள்வரிசையில் ஐந்தாவது இலை விரியத் தொடங்கியது, அது கீழிலைகளைவிடத் தெளிவாகப் பெரியது. பழைய இலைகள் கடைசி வரை சிறியவையாகவே நின்றன. செல்பிரிதல் முடிந்துபோன இலையில் திருத்த இடமில்லை. நடுவுக்கு மாற்றிய வழியோரத் தட்டுகள் உள்வரிசையை எட்டிப்பிடித்தன. வழியோரத்திலேயே விட்டவையும் வளர்ந்தன, ஆனால் ஒரு விரல் குறைவாகவே, தடித்த தண்டோடு.

வேர் நார்க்கட்டியைப் பிடித்துக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று. பாதித் தட்டுகளைக் கார்த்திகை நடுவில் விற்றார், தாமதத்துக்காக விலையைக் குறைத்துக்கொண்டார். சூட்டுப் புள்ளி அதிகமிருந்த ஆறு தட்டுகளைக் கொட்டிவிட்டார். விதைக்காரர்களுக்கு நான் காகிதம் எழுதவில்லை.

நடவுக்கு வந்த உழவர்களில் இரண்டு பேர் வழியோரத் தட்டுகளைத்தான் பொறுக்கி எடுத்தார்கள். "கடக்காத்துக்கு இதான் தாங்கும்" என்று ஒருவர் சொன்னதை அந்த அம்மா எனக்குச் சொன்னார். நாற்றைத் தடவிக் குட்டையாக்கி உறுதிப்படுத்துவது சில நாடுகளில் நாற்றங்கால் முறையாகவே இருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் சிரித்தார். அடுத்த முறை போனபோது, மூங்கில் கழியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டி, காலையில் பத்து தடவை எல்லாத் தட்டுகளின் மேலும் இழுத்துக்கொண்டிருந்தார்.

மீதமிருந்த பொடியைத் தையில் உளுந்துக்கு வைத்துக்கொள்வதாக நாற்றங்கால்காரர் சொன்னார். மின்தராசில் ஒவ்வொரு கிராமாக நிறுத்து, மாத்திரை மடிப்பது போலக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு டாங்குக்கு ஒரு மடிப்பு, வெந்நீரில் கரைத்து.